நம்ம ஊர் காலேஜ் டீம் கடல் தாண்டி ஆடட்டும்! – ஸ்ரீரங்கம் உரை

(ஸ்ரீரங்கத்தில் நடந்த மாணவர் – விளையாட்டு வீரர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் விளையாடுகிற பிள்ளை இருந்தால் முழுசாகப் படியுங்கள், நாலு பேருக்குப் பகிருங்கள்.)



முன்வரிசையில் டிராக் சூட்டோடு உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே. பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்திருக்கிற அம்மாக்களே, அப்பாக்களே. விசில் ஊதியே தொண்டை கட்டிப்போன உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே. மதியத்திலிருந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இயக்கத் தோழர்களே, உங்கள் எல்லாருக்கும் என் அன்பு.

இன்றைக்கு நான் அரசியல் பேச வரவில்லை என்று சொல்ல மாட்டேன். யாருக்கு மைதானம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் அரசியல்தான். ஆனால் இன்றைக்கு யாரையும் திட்டப்போவதில்லை. ஒரு விளையாட்டைப் பற்றி, ஒரு பயணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

கூடைப்பந்து ஆடுகிற கல்லூரிப் பிள்ளைகள் சிலர் நம்மிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். "சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வெளிநாட்டுக்குப் போய் நாலு ஃப்ரண்ட்லி மேட்ச் ஆடிட்டு வரணும்" என்றார்கள். அதைக் கேட்ட ஒரு பெரியவர் உடனே கேட்டார்: "ஏம்ப்பா, இங்க மழை பெஞ்சா கோர்ட்ல தண்ணி நிக்குது. அதைச் சரி பண்ணாம ஃபாரின் டூர் கேக்குதா?"

நியாயமான கேள்வி. அந்தப் பெரியவர் இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த உரையே.

முதலில், இந்தப் பழக்கம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து என்பது நம்ம ஊர் ஐ.பி.எல். மாதிரி. அங்கே சீசன் நவம்பரில் தொடங்கும். அதற்கு முன்பு, ஆகஸ்ட் மாத விடுமுறையில், பல கல்லூரி அணிகள் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிடும். கனடா, பஹாமாஸ், இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான் என்று போய் மூன்று மேட்ச், நாலு மேட்ச் ஆடும். கோப்பை கிடையாது. பாயின்ட்ஸ் டேபிள் கிடையாது. ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கில் வராது. காட்சி ஆட்டம், அவ்வளவுதான்.

அங்கே கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு இதற்குப் பல ஆண்டுகளாக ஒரு விதி வைத்திருந்தது. ஓர் அணி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் போகலாம். போவதற்கு முன்பு கூடுதலாக 10 நாள் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஏன்? கல்லூரிப் படிப்பு அங்கே நான்கு வருஷம். அப்படியென்றால் நாலு வருஷமும் ஒரே கல்லூரியில் ஆடுகிற பிள்ளைக்கு, பணக்கார வீட்டுப் பிள்ளையோ ஏழை வீட்டுப் பிள்ளையோ, படித்து முடிப்பதற்குள் ஒரு தடவையாவது கடல் தாண்டுகிற வாய்ப்பு கிடைத்துவிடும். அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். 2018 ஆகஸ்ட். ட்யூக் பல்கலைக்கழக அணி கனடாவுக்குப் போனது. சையன் வில்லியம்சன், ஆர்.ஜே. பேரட் என்று இரண்டு பையன்கள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். கல்லூரிக்காக ஒரு மேட்ச்கூட சேர்ந்து ஆடியதில்லை. 15, 17, 19 தேதிகளில் மூன்று ஆட்டம். ரையர்சன், டொரோன்டோ, மெக்கில் பல்கலைக்கழக அணிகளோடு. மூன்றிலும் ஜெயித்தார்கள். முதல் இரண்டு ஆட்டம் நடந்த மிசிசாகா, பேரட்டின் சொந்த ஊர்ப் பக்கம். நம்ம பையன் பெரிய டீமில் ஆடுகிறான் என்று ஊரே வந்து பார்த்தது. அடுத்த ஆண்டு என்.பி.ஏ. அணிகள் ஆள் எடுத்தபோது முதல் ஆளாக வில்லியம்சன், மூன்றாவது ஆளாக பேரட்.

சரி, அந்த சீசனில் ட்யூக் தேசியக் கோப்பையை அடித்ததா? இல்லை. கடைசி எட்டு அணிகள் வரை வந்து, ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டூர் போனால் கோப்பை நிச்சயம் என்று யாரும் உங்களிடம் கதை விடக் கூடாது. டூர் கோப்பையைத் தராது. டூர் வேறு ஒன்றைத் தரும்.

அது என்ன? கோர்ட்டில் ஆடியவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். தெரியாத அம்மா அப்பாவுக்காகச் சொல்கிறேன்.

கூடைப்பந்தில் கோர்ட்டுக்குள் அஞ்சு பேர், வெளியே ஏழு பேர். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சர்வதேச விதிப்படி பந்து நம்ம கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும். 24 விநாடி என்பது நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி ஒரு மடக்கு தண்ணி குடிக்கிற நேரம். அதற்குள் யார் எங்கே ஓடுவான், யார் யாருக்கு மறிப்பான், யார் கைக்குப் பந்து போகும் என்பதை அஞ்சு பேரும் பேசாமலே புரிந்துகொள்ள வேண்டும்.

வருஷம் பூராவும் சுற்றி இருக்கிற அதே நாலு கல்லூரியோடுதான் ஆடுகிறோம் என்றால் என்ன ஆகும்? அவன் இடது பக்கம்தான் திரும்புவான், இவன் வெளியிலிருந்துதான் எறிவான் என்று எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். பழகின வீட்டில் கரண்ட் போனாலும் நடக்கலாம். புது வீட்டில் விளக்கு எரிந்தாலே காலை இடித்துக்கொள்வோம். அந்தப் புது வீடுதான் வெளியூர் ஆட்டம். மொழி தெரியாத நடுவர், வேறு உயரம், வேறு வேகம், கைதட்ட ஒரு ஆள்கூட இல்லாத கேலரி. அங்கே போய் நாலு நாள் தடுமாறிவிட்டு வந்தால், அப்புறம் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் எவன் வந்து நின்றாலும் பயம் இருக்காது.

கணக்கில் வராத ஆட்டம் என்பதால்தான் கோச்சும் தைரியமாக எல்லாரையும் இறக்குவார். கோப்பை மேட்ச்சில் பன்னிரண்டாவது ஆள் கடைசி வரை தண்ணி பாட்டில்தான் எடுத்துக் கொடுப்பான். காட்சி ஆட்டத்தில் அந்தப் பையனும் பத்து நிமிஷம் ஆடுவான். அந்தப் பத்து நிமிஷம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மாற்றலாம்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தோழர்களே, கூடைப்பந்தே கடல் தாண்டி வந்த விளையாட்டுதான். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, பழக்கூடையைப் பால்கனியில் மாட்டி ஆரம்பித்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இருக்கிற பி.டி. சார்களின் குருநாதர்களுக்குக் குருநாதர் யார் என்று தேடிக்கொண்டே போனால் பெரும்பாலும் அந்தக் கல்லூரி வாசலில்தான் போய் நிற்போம்.

காட்சி ஆட்டப் பயணமும் நமக்குப் புதிது இல்லை. 1926-ல் இந்திய ராணுவ ஹாக்கி அணி கப்பலேறி நியூசிலாந்துக்குப் போனது. 21 ஆட்டம். 18 வெற்றி, 2 சமன், ஒரே ஒரு தோல்வி. அந்த அணியில் சாதாரணச் சிப்பாய் ஒருவர் இருந்தார். பெயர் தியான் சந்த். இரண்டே வருஷத்தில், 1928-ல், ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தை வாங்கியது. தியான் சந்த் யார் என்பதை உலகம் அப்போது தெரிந்துகொண்டது. நியூசிலாந்துக்காரர்களுக்கு இரண்டு வருஷம் முன்பே தெரியும்.

அதற்கும் முன்னால், 1911. இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போனது. அணித் தலைவர் பட்டியாலா மகாராஜா. அந்த அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. ஆனால் அதில் ஒரு பந்துவீச்சாளர் மட்டும் அந்தப் பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். பல்வங்கர் பாலூ. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். புனேயில் அவர் பந்தை எல்லாரும் தொடுவார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண் குவளையில் தேநீர். அந்த மனிதர் இங்கிலாந்து மண்ணில் நின்று தன் திறமையை உலகத்துக்குக் காட்டினார். உள்ளூரில் சாதியைப் பார்த்து ஒதுக்கப்பட்ட ஆட்டக்காரனை, வெளியூரில் ஸ்கோர் புத்தகம் மட்டுமே பார்த்து எழுதியது. விளையாட்டுப் பயணம் சமூக நீதிக்கும் உதவும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. இங்கிருந்து பொடி நடையாகப் போகிற தூரத்தில் திருவானைக்காவல். 1888-ல் அங்கே பிறந்தவர் சர் சி.வி. ராமன். 1921-ல் ஒரு பல்கலைக்கழக மாநாட்டுக்காக முதல் தடவையாக இங்கிலாந்து போனார். திரும்பி வருகிற கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, ஏன் இவ்வளவு நீலம் என்று யோசித்தார். அங்கே பிடித்த நூல், 1928-ல் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. அவரை நோபல் பரிசு வாங்கவா அனுப்பினார்கள்? மாநாட்டுக்கு அனுப்பினார்கள். பயணம் தன் வேலையைத் தானே செய்துகொண்டது. காவிரியும் கொள்ளிடமும் சுற்றி ஓடுகிற இந்தத் தீவில் பிறந்தவர்களுக்குக் கடலைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விளையாட்டிலும் நம்ம மாவட்டம் சும்மா இல்லை. டோக்கியோ ஒலிம்பிக், 2021. கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நாலு பேரில் மூன்று பேர் தமிழ்நாடு. மதுரை ரேவதி, திருச்சி சுபா, லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். அதே ஒலிம்பிக்கில் ஆரோக்கிய ராஜீவ் ஓடிய ஆண்கள் தொடர் ஓட்ட அணி 3 நிமிடம் 00.25 விநாடியில் ஆசிய சாதனை படைத்தது. கூடைப்பந்துக்கு வந்தால், சென்னையின் அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். இந்திய ஆண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய முயின் பெக் ஹஃபீஸ் தமிழ்நாட்டு ஆட்டக்காரர். 2022 தேசிய விளையாட்டில் ஆண்கள் கூடைப்பந்துத் தங்கம் தமிழ்நாட்டுக்கு.

ஆனால் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது இதுவரை ஒரே தடவை, 1980 மாஸ்கோ. அதுவும் பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த இடம். திறமை இல்லாத நாடா இது? இல்லை. சின்ன வயதில் பலதரப்பட்ட எதிராளியோடு மோதிப் பழகாத நாடு.

இப்போது ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோர்கள் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

ஃபாரின் டூர் என்ற வார்த்தையை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. பெரிய பெரிய எழுத்தில் ஒரு பெயர், "இன்டர்நேஷனல்" என்று ஒரு பேனர். "உங்க பிள்ளை செலக்ட் ஆயிட்டான், பக்கத்து நாட்டுல போட்டி, இவ்வளவு பணம் கட்டுங்க, தங்கம் வாங்கிட்டு வரலாம்" என்று போன் வரும். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி அனுப்புகிறார்கள். போனால் இரண்டு டீம், மூன்று டீம் இருக்கும். ஆளுக்கு ஒரு மெடல். விமான நிலையத்தில் மாலை, ஆரத்தி, போட்டோ. பிறகு அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் "இது செல்லாதும்மா" என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை அப்போது பார்க்க முடியாது.

தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதற்குக் கணக்கில் எடுப்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழை மட்டும்தான். கூடைப்பந்து என்றால் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு. பல்கலைக்கழக விளையாட்டு என்றால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். இவர்கள் வழியாக வராத "சர்வதேசத் தங்கம்" வீட்டுச் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

அப்படியானால் நல்ல டூரை எப்படி அடையாளம் காண்பது? நான் ஒரு சின்ன வழி சொல்கிறேன். நல்ல டூர் எதையும் வாக்குறுதி கொடுக்காது. தங்கம் தருகிறேன் என்று சொல்லாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லாது. உங்கள் பிள்ளையிடம் காசு கேட்காது. கல்லூரி முன்னின்று நடத்தும், முதல்வர் கையெழுத்து இருக்கும், பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்திருக்கும், எந்த டீமோடு எந்த கோர்ட்டில் ஆட்டம் என்பது கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் இருக்கும். "இது ஃப்ரண்ட்லி மேட்ச், சர்ட்டிஃபிகேட் எதற்கும் உதவாது" என்று முதலிலேயே நேர்மையாகச் சொல்லும். பதக்கம் தருகிறேன் என்று கூப்பிடுகிறவனிடம் கதவைச் சாத்துங்கள். ஆட்டம் தருகிறேன் என்று கூப்பிடுகிற கல்லூரிக்குக் கதவைத் திறங்கள்.

சரி, எங்கே போவது? கனடாவும் இத்தாலியும் இப்போதைக்கு வேண்டாம். நம்ம விமான நிலையத்தைப் பாருங்கள். 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தாயிற்று. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று இங்கிருந்தே விமானம். 2025 மார்ச் 30 முதல் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் தொடங்கியது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியக்காலைதான் எழும்பூர். யாழ்ப்பாணம் சுமார் ஒரு மணி நேரம்! ஸ்ரீரங்கத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு டிராஃபிக்கில் போய்ச் சேர்வதற்கு ஆகிற நேரமும் அதுதான். (சிரிப்பு)

என் ஆசையைக் கேட்டால், முதல் டூர் யாழ்ப்பாணமாக இருக்கட்டும் என்பேன். போர் தின்ற மண். முப்பது ஆண்டு அந்தப் பிள்ளைகளுக்கு வெளியூர் அணியோடு ஆடுவது என்பதே அபூர்வம். பலாலி விமானத் தளம் பயணிகளுக்கான சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததே 2019 அக்டோபரில்தான். நாம் இங்கே மேடையில் ஈழத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு பந்தை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு ஆடினோமா?

ஆனால் போகிற தம்பி, தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். ஆடப் போங்கள். பாவம் பார்த்து விட்டுக்கொடுத்து ஆடினால் அதைவிடப் பெரிய அவமானம் அவர்களுக்கு வேறில்லை. முழு வேகத்தில் ஆடுங்கள், முழு வேகத்தில் தோற்கவும் தயாராக இருங்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் வீட்டில் சாப்பிடுங்கள். அடுத்த வருஷம் அவர்களை இங்கே கூப்பிடுங்கள். காவேரிக்கரையில் நம்ம வீடுகளில் தங்க வைப்போம். அவர்கள் ஜெயித்துவிட்டுப் போனால் சந்தோஷமாக வழியனுப்புவோம்.

வெளியூர் போனால் நடத்தை முக்கியம் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2011 ஆகஸ்ட். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அணி சீனாவுக்கு நல்லெண்ணப் பயணம் போனது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜோ பைடனும் அதே நேரத்தில் அங்கே இருக்கிறார். பெய்ஜிங்கில் சீன ராணுவத்தின் பாயி அணியோடு ஆட்டம். ஸ்கோர் 64–64. திடீரென்று கைகலப்பு. நாற்காலி பறந்தது, பாட்டில் பறந்தது. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜார்ஜ்டவுன் அணி வெளியேறியது. உலகம் முழுக்க அதுதான் செய்தி. மறுநாள் காலை ஜார்ஜ்டவுன் கோச்சும் இரண்டு ஆட்டக்காரர்களும் விமான நிலையத்துக்குப் போய், கிளம்பிக்கொண்டிருந்த அந்தச் சீன அணியைச் சந்தித்துக் கைகுலுக்கி வழியனுப்பினார்கள். கோபம் எல்லாருக்கும் வரும். மறுநாள் காலை எழுந்து போகிற அந்த நடைதான் பெரிது. முதுகில் ஊர் பெயர் எழுதின பனியன் போட்டுவிட்டால், நீங்கள் செய்கிற எல்லாமே ஊர் செய்ததாகத்தான் எழுதப்படும்.

டூர் என்பது போகிறவனுக்கு மட்டும் லாபம் இல்லை, பார்க்கிறவனுக்கும் லாபம். 2019 அக்டோபரில் என்.பி.ஏ.வின் சாக்ரமென்டோ கிங்ஸ், இந்தியானா பேஸர்ஸ் அணிகள் மும்பைக்கு வந்து, சீசனுக்கு முந்தைய ஆட்டம் இரண்டு ஆடின. முதல் நாள் ஆட்டத்துக்குக் கேலரி பூராவும் பள்ளிப் பிள்ளைகள். கூடுதல் நேரம் வரை போய் 132–131 என்று பேஸர்ஸ் ஜெயித்தது. அன்றைக்கு அதைப் பார்த்த எத்தனை பிள்ளைகள் மறுநாள் பந்தைத் தூக்கினார்களோ! சிங்கப்பூர், மலேசியக் கல்லூரி அணி ஒன்று திருச்சிக்கு வந்து காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்தில் ஆடினால், மணப்பாறையிலிருந்தும் துறையூரிலிருந்தும் முசிறியிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள்.

ஐயா, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோர்ட்டில் தண்ணி நிற்கிறது, முதலில் அதைச் சரி பண்ணு என்கிறீர்கள். சரி பண்ணத்தான் வேண்டும். சிமென்ட் தரையில் வருஷக்கணக்காகக் குதித்துக் குதித்து, இருபத்தஞ்சு வயதில் முழங்கால் போய்விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்லுங்கள், மரத்தளக் கோர்ட்டில் ஒரு தடவைகூட கால் வைக்காத பிள்ளை, எனக்கு அது வேண்டும் என்று எப்படிக் கேட்கும்? நல்ல கோர்ட் எப்படி இருக்கும், நல்ல ஷூ எப்படி இருக்கும், அணியோடு ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பன்னிரண்டு பேர், ஊருக்கு வந்து சும்மா இருக்க மாட்டார்கள். கேட்பார்கள். கேட்கிற இளைஞன்தான் நமக்கு வேண்டும். மழைத்தண்ணியை வடிய வைக்கப்போவதும் அந்தக் கேள்விதான்.

இப்போது வேலைக்கு வருவோம். கைதட்டிவிட்டுக் கலைந்துவிடக் கூடாது.

ஒன்று, பாஸ்போர்ட். நம்ம பிள்ளைகள் பலரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. ஆதாரில் இனிஷியல் முன்னாடி, மார்க் ஷீட்டில் பின்னாடி, பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் "ஆண் குழந்தை" என்று இருக்கும். கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். பாஸ்போர்ட் அலுவலகம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. வார்டு வாரியாக இயக்கத் தோழர்கள் உட்கார்ந்து, விளையாடுகிற பிள்ளைகளின் பெயர்த் திருத்தம், விண்ணப்பம் இரண்டையும் முடித்துக் கொடுங்கள். கட்ட முடியாத பிள்ளைக்கு அந்த 1,500 ரூபாயைக் கிளையே கட்டட்டும். ஒரு ஃபிளெக்ஸ் பேனர் குறைந்தால் ஒரு பாஸ்போர்ட்.

இரண்டு, பெண் பிள்ளைகள். பையன் டீம் போனால் பெண்கள் டீமும் போக வேண்டும். இதில் பேரமே இல்லை. "வயசுப் பொண்ணை எப்படிம்மா அனுப்புறது" என்று கேட்கிற தாய்மாருக்குப் பதில் சொல்ல வேண்டியது கல்லூரி. பெண் மேலாளர் கூடவே போக வேண்டும். தங்குகிற இடம், தினசரி நிகழ்ச்சி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் முன்கூட்டியே வீட்டுக்கு எழுத்தில் வர வேண்டும். பயப்படுகிற தாயைக் கேலி பண்ணாதீர்கள். அந்தப் பயத்துக்குப் பதில் கொடுங்கள்.

மூன்று, பணம். பன்னிரண்டு ஆட்டக்காரர், கோச், மேலாளர், பிசியோ; பதினைந்து பதினாறு பேர் கணக்கு. மாணவர் கையிலிருந்து ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. வாங்கினால் வசதியுள்ள பிள்ளை போவான், நன்றாக ஆடுகிற பிள்ளை வீட்டில் இருப்பான். பழைய மாணவர்கள் கொடுக்கட்டும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் தங்க இடம் கொடுக்கட்டும். வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகிற வீரர்களுக்கு உதவ 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கல்லூரி அணிகளின் பயிற்சிப் பயணத்துக்கும் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி எழுதுவோம்.

நான்கு, வருகைப்பதிவு. நாட்டுக்கு ஆடிவிட்டு வந்த பிள்ளையை அட்டெண்டன்ஸ் இல்லை என்று தேர்வு எழுத விடாமல் நிறுத்துகிற கொடுமை எங்கேயும் நடக்கக் கூடாது. பாரதிதாசன் பல்கலைக்கழகமும் கல்லூரி நிர்வாகங்களும் இதற்குத் தெளிவான விதி வைக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறோம். கல்லூரி விடுமுறை முடிகிற நேரத்தில் பயணத்தை வைத்தால் பாடமும் கெடாது.

ஐந்து, திரும்பி வந்த பிறகு. போய் வந்த ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு அரசுப் பள்ளியைத் தத்தெடுக்க வேண்டும். மாதம் இரண்டு சனிக்கிழமை. கற்றுக்கொண்டதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஊர்ப் பணத்தில் போனவர் ஊருக்குத் திருப்பித் தருகிற வட்டி அதுதான்.

ஒரு விஷயத்தோடு முடிக்கிறேன். பயணம் என்பது இவ்வளவு நாளும் யாருக்கு இருந்தது? வசதி உள்ளவருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளை விமானம் ஏறினால் பெரும்பாலும் கூலி வேலைக்குத்தான் ஏறினான். விசாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்மா அழ அழ ஏறினான். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். அந்தப் பணத்தில்தான் இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் எழும்பின. ஆனால் அதே விமான நிலையத்தில், அதே வரிசையில், கையில் ஒரு பந்தோடு, வேலைக்காக இல்லாமல் விளையாட்டுக்காக நம்ம பிள்ளைகள் பன்னிரண்டு பேர் நிற்க வேண்டும். வழியனுப்ப வந்த அம்மாக்கள் சிரித்துக்கொண்டே கை காட்ட வேண்டும்.

தோற்றுவிட்டு வந்தாலும் பரவாயில்லை. வாங்க, வரவேற்க நாங்கள் இருக்கிறோம்.



(தோழர்களே, உங்கள் பகுதியில் பாஸ்போர்ட் இல்லாத கல்லூரி விளையாட்டு வீரர், வீராங்கனைகள் இருந்தால் அந்தந்தக் கிளைப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். சான்றிதழ்களை இங்கே பதிவிட வேண்டாம், நேரில் கொடுங்கள்.)

#கடல்தாண்டி_ஆடட்டும் #திருச்சி #ஸ்ரீரங்கம் #கூடைப்பந்து